சட்டைக் கையில் பாய்ந்த புலி: சுதந்திர இந்தியப் படையணியின் சீருடைச் சின்னங்களும் அவற்றின் சேகரிப்பும்

1792 மார்ச் மாதம் சீரங்கப்பட்டினத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தபோது, பாராமகால் என்று அழைக்கப்பட்ட பகுதியும் சேலம் நாடும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயின. இன்று ஏற்காட்டின் நடுச்சந்தியாக விளங்கும் ஒண்டிக்கடையைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலையும் அவ்வாறே கைமாறிய நிலத்தில் அடங்கும். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் இந்த நாட்டை அளந்து வரி விதித்ததும், 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் மலைமேல் காப்பிப் பயிரை ஊன்றியதும் மாவட்ட வரலாற்றில் பலமுறை எழுதப்பட்டவை. அவ்வளவாகக் கவனிக்கப்படாதது, அந்தக் கைமாற்றத்தோடு இந்த மலைகளை விட்டு விலகிப்போன ஒரு சின்னத்தின் பிற்கால வரலாறாகும். திப்பு தன் அரசின் அடையாளமாகக் கொண்ட புலி, அரியணையிலும் பீரங்கி வாயிலும் வாளின் பிடியிலும் மட்டுமல்லாமல், காலாட்படையினரின் மேற்சட்டைத் துணியில் புலிவரியாகவும் இடம்பெற்றிருந்தது. அதே புலி ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பிறகு, ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் பயிற்சி பெற்ற இந்தியப் போர்வீரர்களின் சட்டைக் கையில், மூவர்ணப் பட்டைகளின்மேல் பாயும் நிலையில் தைக்கப்பட்டது. அந்தச் சின்னமே இன்று உலகப்போர்க் கால ஜெர்மன் சீருடைச் சின்னங்களைத் தேடிச் சேர்ப்போரிடையே அரியதாக மதிக்கப்படுகிறது.

படைச்சின்னம் என்பது, ஒரு வீரன் எந்த அரசுக்கு, எந்தப் பிரிவுக்கு, எந்தத் தரநிலைக்கு உரியவன் என்பதைத் தொலைவிலிருந்தே காட்டும் பொருட்டுச் சீருடையிலும் தொப்பியிலும் பொருத்தப்படும் துணி, உலோகம் அல்லது நூல்வேலைப் பொருளாகும். பதக்கம் ஒருவனது செயலுக்காகவோ போரில் பங்கேற்றமைக்காகவோ அவனுக்கு அளிக்கப்படுவது. சின்னமோ பிரிவில் சேர்ந்த எல்லோருக்கும் பொதுவானது. இந்த வேறுபாடு சேகரிப்பின் வரலாற்றில் பெரிய விளைவை உண்டாக்கியது. பல பிரிட்டிஷ் பதக்கங்களின் விளிம்பில் பெற்றவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். துணிச்சின்னத்தில் பெயர் இருப்பதில்லை. ஆதலால் சட்டையிலிருந்து பிரிக்கப்பட்ட மறுகணமே அது யாருடையது என்ற செய்தி அதைவிட்டு நீங்கிவிடுகிறது.

புலிச்சின்னத்திற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முன்வரலாறும் உண்டு. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு இறந்ததும், அந்தப் போரில் பங்கேற்றவர்களுக்காகக் கம்பெனி ஒரு பதக்கம் வெளியிட்டது. பர்மிங்காமுக்கு அருகிலிருந்த சோஹோ நாணயச் சாலையில் கூக்லர் என்ற அச்சுக் கலைஞர் செதுக்கிய அச்சில் அடிக்கப்பட்ட அந்தப் பதக்கத்தின் ஒரு முகத்தில், பிரிட்டனைக் குறிக்கும் சிங்கம் மைசூரைக் குறிக்கும் புலியை வீழ்த்தி அதன்மேல் நிற்கிறது. மறுமுகத்தில் கோட்டையைத் தாக்கும் காட்சி அமைந்துள்ளது. உயர்ந்தோருக்குப் பொன்னிலும், அடுத்த நிலையினருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளியிலும், பின்னர் வெள்ளியிலும் வெண்கலத்திலுமாக இறங்கி வந்து, தமிழும் தெலுங்கும் பேசிய சென்னைப் படையின் சாதாரணச் சிப்பாய்களுக்கு வெள்ளீயத்தில் அது வழங்கப்பட்டது. வெள்ளீயம் எளிதில் தேய்ந்து நசுங்குவதாகையால், நல்ல நிலையில் எஞ்சிய சிப்பாய்ப் பதக்கங்கள் குறைவு. வங்கப் படைக்காகக் கல்கத்தாவில் அடிக்கப்பட்ட அச்சு சோஹோ அச்சைவிடச் சற்றுச் சிறியது என்பதால், அளந்து பார்த்தே இரண்டையும் பிரித்தறிகின்றனர். உருவத்தையும் அளவையும் உலோகத்தையும் ஒப்பிட்டு அசலை அறியும் இம்முறை, பிற்கால ஜெர்மன் சின்னங்களுக்கும் அவ்வாறே பொருந்துவதாயிற்று.

புலி மீண்டும் போர்ச்சின்னமாக எழுந்தது பெர்லினில். 1941 ஏப்ரல் தொடக்கத்தில் அங்குச் சென்றடைந்த சுபாஷ் சந்திர போஸ், அதே ஆண்டு நவம்பர் 2 அன்று சுதந்திர இந்திய மையத்தைத் தொடங்கினார். அவருக்கு உதவியவர்களில், மலபாரின் தலசேரியைச் சேர்ந்தவரும் ஐரோப்பாவில் நெடுங்காலம் பத்திரிகையாளராக இருந்தவருமான ஏ.சி.என். நம்பியார் முதன்மையானவர், போஸ் ஜெர்மனியை விட்டு நீங்கிய பின் மையத்தின் பொறுப்பு அவரிடமே இருந்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன் தளபதி ரோமலின் படையிடம் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அன்னாபர்க் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களிலிருந்து தொண்டர்களைத் திரட்டி உருவாக்கப்பட்டதே, ஜெர்மன் பட்டியலில் 950 ஆம் காலாட்படைப் பிரிவு என்று எண்ணிடப்பட்ட இந்தியப் படையணி. டிரெஸ்டன் நகருக்கு அருகிலுள்ள கோனிக்ஸ்பிரூக் பயிற்சித் திடலில் அது வளர்ந்தது. அதன் முழு வலிமை ஏறத்தாழ 2,600 முதல் 3,000 பேர் வரை இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

அந்தப் படையணியின் கைச்சின்னம் கேடய வடிவினது. மேல்பகுதியில் வெண்ணிறத் தளத்தில் கருப்பு எழுத்துகளில் 'சுதந்திர இந்தியா' என்ற பொருள்படும் இரு ஜெர்மன் சொற்களும், அதன்கீழ் காவி, வெள்ளை, பச்சை ஆகிய கிடைப்பட்டைகளும், நடு வெண்பட்டையில் பாயும் புலியும் அமைந்திருந்தன. அது வலது மேற்கையில் தைக்கப்பட்டது. எஃகுத் தலைக்கவசத்தின் இடப்பக்கத்தில் மூவர்ண ஒட்டுப்படமும் இருந்தது. 1942 இறுதியிலோ 1943 தொடக்கத்திலோ வழங்கப்பட்ட படைக்கொடியிலும் இதே அமைப்பு பின்பற்றப்பட்டது. அதில் காவிப்பட்டையில் 'ஆசாத்' என்றும் பச்சைப்பட்டையில் 'ஹிந்த்' என்றும் எழுதப்பட்டிருந்தன. புலி என்றவுடன் சோழரின் கொடியை நினைப்பது தமிழ் வாசகருக்கு இயல்பே எனினும், பெர்லினில் தேர்ந்தெடுக்கப்பட்ட புலி, ஆங்கிலேயரோடு போரிட்டு மாண்ட திப்புவின் நினைவிலிருந்து வந்தது என்றே பொதுவாக விளக்கப்படுகிறது. 1799 ஆம் ஆண்டுப் பதக்கத்தில் சிங்கத்தின் காலடியில் கிடந்த விலங்கு, இங்கு எழுந்து பாய்கிறது.

இந்தக் கேடயம் தனியாக அணியப்பட்டதன்று என்பதே இதன் வரலாற்றில் முதன்மையாகக் கருத வேண்டிய செய்தி. படையணியினர் அணிந்தது ஜெர்மன் தரைப்படையின் வழக்கமான சாம்பற்பச்சைக் கம்பளிச் சீருடை. கோடையில் காக்கி நிறச் சீருடை. அந்தச் சட்டையின் வலது மார்புப் பைக்கு மேலே, சிறகு விரித்த கழுகு தன் கால்களில் வளையத்துக்குள் ஸ்வஸ்திகாவைப் பற்றியிருக்கும் நாஜி அரசின் சின்னம் தைக்கப்பட்டிருந்தது. கழுகும் புலியும் ஒரே வலப்பக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. வீரர்கள் எடுத்துக்கொண்ட உறுதிமொழியிலும் இந்தியாவுக்கான போரில் ஜெர்மன் படைத்தலைவராக அடால்ஃப் ஹிட்லரின் பெயரும், அந்தப் போரின் தலைவராகப் போஸின் பெயரும் ஒன்றாகவே இடம்பெற்றன. அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்த அரசின் அடையாளமும், அடிமைப்பட்ட நாடொன்றின் விடுதலை வேட்கையும் ஒரே துணியில் அருகருகே நின்றதை மறைக்காமல் சொல்வது, அந்தச் சிப்பாய்களை இழிவுபடுத்துவதாகாது. சிறைமுகாமின் பட்டினியிலும் ஊர் திரும்பும் ஏக்கத்திலும் நாட்டுப்பற்றிலும் ஏதோ ஒன்றாலோ எல்லாவற்றாலுமோ உந்தப்பட்டுக் கையொப்பமிட்ட மனிதர்களை, அவர்கள் நின்ற இடத்தில் வைத்துப் பார்ப்பதற்கு அதுவே வழி. சேகரிப்பு உலகம் கேடயத்தைச் சட்டையிலிருந்து வெட்டி எடுக்கும்போது கழுகு விடுபட்டுப்போகிறது. நம் நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் கதையிலும் அதே வெட்டு நிகழ்ந்திருக்கிறது.

தொப்பியிலும் இரட்டை அடையாளம் இருந்தது. ஜெர்மன் தரைப்படையின் மடிப்புத் தொப்பியில் மேலே கழுகும், அதன்கீழ் கருப்பு, வெள்ளை, சிவப்பு ஆகிய ஜெர்மன் தேசிய நிறங்களாலான வட்டச்சின்னமும் பொருத்தப்படும். 1942 வரை அந்த வட்டத்தைச் சுற்றிப் படைவகையைக் குறிக்கும் வண்ணநாடா ஒன்று மேல்நோக்கிய கூம்புபோல் வைக்கப்பட்டிருந்தது. காலாட்படைக்கு அதன் நிறம் வெள்ளை. 1943இல் முன்விளிம்புடைய புதிய களத்தொப்பி வந்தபோது, தையல் நேரத்தையும் துணியையும் மிச்சப்படுத்தும் பொருட்டுக் கழுகும் வட்டமும் ஒரே துண்டாக நெய்யப்பட்டன. வெப்பநாட்டுச் சீருடைக்கு உரிய கழுகு, மணல் நிறத் துணியில் மங்கிய நீல நூலால் நெய்யப்பட்டது. சீக்கிய வீரர்கள் தொப்பிக்குப் பதிலாகச் சீருடையின் நிறத்துக்கேற்ற தலைப்பாகை அணிய அனுமதிக்கப்பட்டிருந்தனர். இத்தகைய மாற்றங்களின் ஆண்டுக்கணக்கே சேகரிப்போருக்கு அடிப்படை இலக்கணம். 1936 ஆம் ஆண்டு வகைச் சட்டையில் கழுத்துப்பட்டி கரும்பச்சையாகவும் கழுகின் தளமும் அதே கரும்பச்சையாகவும் இருந்தன. 1940க்குப் பின் இரண்டும் சாம்பற்பச்சைக்கு மாறின. பிற்கால வகைகளில் பைகளின் மடிப்புகள் நீக்கப்பட்டன. போர் நீள நீளக் கம்பளியில் செயற்கை இழையின் பங்கு கூடிக்கொண்டே வந்தது. ஆகவே 1942இல் உருவான ஒரு பிரிவின் புலிக்கேடயம் கரும்பச்சைக் கழுத்துப்பட்டியுள்ள சட்டையில் தைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தால், பழைய இருப்பிலிருந்து கொடுக்கப்பட்ட சட்டையாக அது இருக்கவும் கூடும் என்றபோதிலும், தேர்ந்தவர் முதலில் ஐயுறுவர்.

இந்தக் கைச்சின்னங்களும் கழுகுகளும் செய்யப்பட்ட முறை சேலத்து நெசவாளருக்கு விளங்காததன்று. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எவால்ட் ஃபோர்ஸ்டெஹர் என்பவரின் பெயரால் நடந்த நாடா ஆலை, நாடாவில் எழுத்தையும் உருவத்தையும் நேராக நெய்துவிடும் தொழிலில் பெயர் பெற்றிருந்ததால், அந்த ஆலையின் சுருக்கப்பெயரான 'பேவோ' என்பதே அவ்வகைச் சின்னங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக நிலைத்தது. துளையிட்ட அட்டைகள் பாவு இழைகளை வேண்டியவாறு தூக்கி இறக்க, ஊடையாக ஓடும் வண்ண நூல்கள் உருவத்தை எழுப்பும் ஜக்கார்டு முறையே அதிலும் கையாளப்பட்டது. பட்டுச்சேலையின் கரையில் பூவும் அன்னமும் எழும் அதே முறையில், அங்குப் புலியும் கழுகும் எழுந்தன. சேலையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து நெசவின் தரத்தைக் கணிப்பவருக்கு, கேடயத்தின் பின்புறமே அதிகம் பேசும். முன்புறத்தில் தோன்றாத வண்ண இழைகள் பின்னால் ஒழுங்கான வரிசையில் ஓடவேண்டும். எழுத்தின் ஓரம் படிப்படியாக ஏறி இறங்கும் நுண்ணிய படிகளாக இருக்கவேண்டும். பட்டைகள் சேரும் இடத்தில் ஒன்றின் நிறம் மற்றதில் கசியலாகாது. அயல்நாட்டுத் தொண்டர்படைகளுக்கான கேடயங்கள் நெசவாக மட்டுமின்றி, துணியில் அச்சிடப்பட்டும், எந்திரத் தையலால் பூவேலை செய்யப்பட்டும் உருவாயின. ஆகையால் நெய்யப்படாத கேடயம் என்ற ஒரே காரணத்தால் ஒன்றைப் போலி என்று தள்ளிவிடவும் முடியாது.

படையணியின் பிற்காலப் பயணம், இந்தச் சின்னங்கள் ஏன் சிதறின என்பதற்கு விடை தருகிறது. 1943 பிப்ரவரியில் போஸ் கீல் துறைமுகத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டபின், படையணி நெதர்லாந்தின் கடற்கரைக்கும், அங்கிருந்து பிரான்சில் போர்தோவுக்கு அருகிலுள்ள லக்கானோவுக்கும் அனுப்பப்பட்டது. இந்தியாவுக்குப் போரிடச் செல்வதாக நம்பிச் சேர்ந்தவர்கள், அட்லாண்டிக் கரையில் ஜெர்மனிக்காகக் காவல் காத்தனர். 1944 ஆகஸ்டில் படையணி முழுவதும் வாஃபென் எஸ்.எஸ். என்ற நாஜிக் கட்சியின் ஆயுதப் படைக்கு மாற்றப்பட்டது. பிரான்சின் ஊடாகப் பின்வாங்கிய வழியில் பிரெஞ்சு எதிர்ப்புப் போராளிகளோடு மோதல்கள் நிகழ்ந்தன. ஊர்மக்கள்மீது வன்முறை இழைத்ததாகப் படையணியினர்மேல் குற்றச்சாட்டுகளும் எழுந்தன. ஹொய்பெர்க் முகாமில் குளிர்காலத்தைக் கழித்து, 1945 வசந்தத்தில் சுவிட்சர்லாந்தை அடைய முயன்றபோது, கான்ஸ்டன்ஸ் ஏரிப் பகுதியில் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளிடம் அவர்கள் பிடிபட்டனர். பிரிட்டிஷ் பேரரசருக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்கள் என்ற குற்றச்சாட்டு காத்திருந்த நிலையில், அதற்குச் சான்றாகும் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்ப யார்தான் துணிவர்? சிறைப்பிடித்த வீரர்களோ, போர் நினைவாகச் சின்னங்களைச் சட்டையிலிருந்து அறுத்தெடுத்துத் தம் நாடுகளுக்குக் கொண்டுசெல்லும் வழக்கமுடையவர்கள். ஆகவே புலிக்கேடயம் இந்திய வீடுகளில் தங்காமல், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிரான்சிலும் பழைய பெட்டிகளின் அடியில் தங்கியதில் வியப்பில்லை.

எஸ்.எஸ். படைக்கு மாறிய காலத்தைக் குறித்துச் சேகரிப்போரிடையே நெடுநாள் விவாதம் ஒன்று உள்ளது. கழுத்துப்பட்டியில் அணிவதற்காகப் புலித்தலை பொறித்த கருந்துணிச் சின்னம் ஒன்று செய்யப்பட்டதாக நூல்கள் கூறுகின்றன. அதை வீரர்கள் உண்மையில் அணிந்ததாகக் காட்டும் நம்பத்தக்க புகைப்படம் கிடைக்காமையால், தரைப்படைச் சீருடையையும் பழைய கேடயத்தையுமே அவர்கள் இறுதிவரை அணிந்தனர் என்பதே வலுவான கருத்தாக உள்ளது. அணியப்படாத சின்னத்துக்கு அணிந்த தடயம் வேண்டியதில்லை என்பதால், போலி செய்வோருக்கு இதைவிட வாய்ப்பான பொருள் வேறில்லை. புலித்தலைப் பட்டிகள் சந்தையில் மிகுதியாகத் தென்படுவதன் காரணம் இதுவே.

அசலை அறியும் முறைகளுள் அதிகம் பேசப்படுவது புற ஊதா ஒளிச் சோதனை. போருக்குப் பிந்திய நூல்களில் வெண்மையைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் இருட்டறையில் அந்த ஒளியின்கீழ் நீலவெண்மையாக ஒளிரும். போர்க்கால நூல் அவ்வாறு ஒளிர்வதில்லை. எனினும் உண்மையான பழைய சின்னத்தை இக்காலச் சலவைத்தூளில் ஒருமுறை துவைத்துவிட்டால் அதுவும் ஒளிரும். பழைய நூலைத் தேடியெடுத்துச் செய்த போலி ஒளிராமலே இருக்கும். இழையைப் பிய்த்து எரித்துச் சாம்பலையும் மணத்தையும் பார்க்கும் சோதனையோ பொருளையே சிதைப்பது. தையல் துளைகளில் எஞ்சிய நூல், முன்புறம் வெயிலில் மங்கிப் பின்புறம் நிறம் மாறாதிருத்தல், சட்டைத் துணியின் கம்பளிப் பிசிறு ஒட்டியிருத்தல் ஆகியவை இவற்றைவிடப் பயனுள்ள தடயங்கள். எல்லாவற்றிலும் வலிமையானது துணி அன்று, தாள். ஜெர்மன் படையில் ஒவ்வொரு வீரனும் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டிய சம்பளப் புத்தகத்தில் அவனது பெயர், பிரிவு, பெற்ற விருதுகள், வழங்கப்பட்ட உடைகள் ஆகியவை பதியப்பட்டன. புகைப்படமும் சம்பளப் புத்தகமும் கேடயமும் ஒரே குடும்பத்திலிருந்து ஒன்றாக வந்தால் அது வரலாற்றுச் சான்று. விலையை உயர்த்துவதற்காக வணிகர்கள் அவற்றைப் பிரித்து விற்பது, ஓலைச்சுவடியின் ஏடுகளைத் தனித்தனியே விற்பதற்கு ஒப்பான அழிவுச் செயல்.

பதக்கங்களின் நிலை வேறுவகைச் சிக்கல் உடையது. 1942இல் போஸ் ஏற்படுத்திய விருது வரிசையில் சேர்-ஏ-ஹிந்த், சர்தார்-ஏ-ஜங், வீர்-ஏ-ஹிந்த் ஆகியவையும் ஷாஹித்-ஏ-பாரத் பதக்கமும் அடங்கும். ஜெர்மன் மரபைப் பின்பற்றி, களத்தில் போரிட்டோருக்கு உரியவற்றில் குறுக்கிட்ட வாள்கள் சேர்க்கப்பட்டன. இவற்றை வியன்னா நகரின் ருடால்ஃப் சூவால் நிறுவனம் செய்தது. போர் முடிந்த பின்னரும் அதே அச்சுகளைக் கொண்டு அந்த நிறுவனம் சேகரிப்போருக்காகப் பதக்கங்களை அடித்தது என்பது இத்துறையினர் நன்கு அறிந்ததே. அச்சு ஒன்றே, நிறுவனமும் ஒன்றே, ஆண்டு மட்டும் வேறு என்ற நிலையில், 1943இல் ஒரு சிப்பாயின் மார்பில் குத்தப்பட்டதையும், பிற்காலத்தில் கடைக்காக அடிக்கப்பட்டதையும் பிரிக்க, உலோகக் கலவையையும் பூச்சின் தன்மையையும் ஊசியின் அமைப்பையும் மிக நுணுகி நோக்க வேண்டியுள்ளது. இதே விருதுகளின் பெயர்கள் கிழக்கிலும் வழங்கின. 1944 ஏப்ரல் 14 அன்று மணிப்பூரின் மொய்ராங்கில் கொடியேற்றிய, போஸின் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த ஷௌகத் மாலிக் சர்தார்-ஏ-ஜங் விருது பெற்றார்.

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புடைய ஜெர்மன் போர்ச்சின்னம் ஒன்று உண்டென்றால், அது இந்தப் படையணிக்கும் முந்தியது. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலின் மாலுமிகள், தொப்பியைச் சுற்றிக் கப்பலின் பெயர் நெய்த கருநாடா அணிந்திருந்தனர். அந்த நாடாவைச் சென்னைத் தாக்குதலின் நினைவாகத் தேடுவோர் பலர். ஆனால் 1914 நவம்பரில் கொக்கோஸ் தீவருகே கப்பல் அழிந்தபின், 1916இல் அதே பெயரில் இரண்டாவது போர்க்கப்பலும், 1925இல் மூன்றாவதும் சேவைக்கு வந்தன. பேரரசரின் கப்பல் என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்து முன்னொட்டு உள்ள நாடா முதலிரண்டில் எதனுடையதாகவும் இருக்கலாம். 'கிரொய்ட்சர்' என்ற சொல் உள்ளது மூன்றாவதற்கு உரியது, அதற்கும் சென்னைக்கும் தொடர்பில்லை. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் எந்தக் கப்பல் எங்குள்ளது என்பதை மறைக்கும் பொருட்டு, நாடாக்களில் கப்பல் பெயரை நீக்கிக் கடற்படையின் பொதுப்பெயரை மட்டும் நெய்தனர். முதல் எம்டனிலிருந்து எடுக்கப்பட்ட மெக்சிகோ வெள்ளி நாணயங்களோ, சிட்னி நகரப் பொற்கொல்லர் ஒருவரால் முடியும் பட்டயமும் சேர்த்துப் பதக்கங்களாக்கப்பட்டு, அதை வீழ்த்திய ஆஸ்திரேலியக் கப்பலின் மாலுமிகளுக்கு வழங்கப்பட்டன. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியிருந்தாலும், அந்த மாதங்களில் அவர் சூரிக்கிலும் பின்னர் பெர்லினிலும் இந்திய விடுதலைக் குழுக்களை அமைக்கும் பணியில் இருந்தார். அவருடைய உண்மையான உழைப்பு, கற்பிக்கப்பட்ட கப்பற்பயணத்தைவிடப் பெரிது.

தமிழர் பெருமளவில் அணிந்த போஸின் சின்னம் ஜெர்மனியுடையதன்று, மலாயாவுடையது. திருச்சி, தஞ்சாவூர், வடஆற்காடு ஆகியவற்றோடு சேலம் மாவட்டமும் கங்காணி முறையில் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. 1943 ஜூலையில் போஸ் சிங்கப்பூர் வந்தடைந்த பின், அந்தத் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் இந்திய தேசிய ராணுவத்திலும், சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையிலும் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். அவர்கள் அணிந்தது பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் கைவிடப்பட்ட காக்கி. அதில் இந்திய வரைபடமும் ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருள்படும் உருதுச் சொற்களும் பொறித்த உலோகச் சின்னம். அதில் கழுகு இல்லை. பாயும் புலிக்கொடி கிழக்கிலும் களத்தில் பறந்ததாக இன்று படங்களிலும் பதாகைகளிலும் வரையப்படினும், பர்மாப் போர்முனைப் புகைப்படங்கள் காட்டுவது இராட்டை பொறித்த மூவர்ணக் கொடியையே. பெர்லினில் பிறந்த புலி, தமிழர் போரிட்ட களத்துக்குப் பின்னாளில் ஏற்றிச் சொல்லப்பட்டது.

அந்த உலோகச் சின்னங்களுள் தமிழ்நாட்டை வந்தடைந்தவை தியாகிகளின் குடும்பங்களில் கைமாறி, ஓய்வூதிய ஆணைகளோடும் பழுப்பேறிய சான்றிதழ்களோடும் ஒரே பெட்டியில் இருப்பதுண்டு. இத்தகைய பெட்டி ஒன்று, ஏலத்தில் உயர்ந்த விலை பெறும் புலிக்கேடயத்தைவிட வரலாற்றாசிரியருக்கு மதிப்புமிக்கது. ஏனெனில் அதில் பொருளும் பெயரும் ஊரும் பிரியாமல் இருக்கின்றன. 2019 ஜனவரி 23 அன்று டெல்லி செங்கோட்டையில் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும், கல்கத்தாவில் போஸ் குடும்பத்தினரின் இல்லத்தில் அமைந்த நேதாஜி ஆய்வு மையமும், மொய்ராங் நினைவிடமும் சீருடைகளையும் சின்னங்களையும் காட்சிப்படுத்துகின்றன. மலாயாவுக்கு இத்தனை பேரை அனுப்பிய சேலம், தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் அருங்காட்சியகங்களில் இதற்கென ஒரு தனிக்கூடம் அமைவது காலம் கடந்த கடமை.

சட்டத்தின் போக்கும் இந்தப் பொருள்களின் நடமாட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு, ஆய்வு, கல்வி, கலை போன்ற நோக்கங்களுக்கன்றி நாஜி அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிறது. அதனால் அங்குள்ள ஏலப் பட்டியல்களில் கழுகின் காலடியிலுள்ள ஸ்வஸ்திகா மறைக்கப்பட்டே அச்சாகிறது. புலிக்கேடயத்தில் அந்தக் குறி இல்லாமையால் அது தடையின்றி வெளிப்படையாக விற்கப்படுகிறது. சட்டையிலிருந்து பிரிந்த கேடயமே வணிகருக்கு எளிதான சரக்கு என்பதால், முழுச்சட்டைகள் குலைவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம், பொதுவாகக் குறைந்தது நூறு ஆண்டுப் பழமையுடைய பொருள்களையே தொல்பொருளாகக் கருதுகிறது. அதன்படி சென்னைச் சிப்பாய்க்கு அளிக்கப்பட்ட சீரங்கப்பட்டினத்து வெள்ளீயப் பதக்கத்தைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல இயலாது. கோனிக்ஸ்பிரூக்கில் தைக்கப்பட்ட புலிக்கும், சிங்கப்பூரில் குத்தப்பட்ட இந்திய வரைபடத்துக்கும் அந்தப் பாதுகாப்பு 2042 முதல் 2045 வரையான ஆண்டுகளில்தான் கிட்டும். அதுவரை அவற்றை வாங்கவும் விற்கவும் கடல் கடத்தவும் தொல்பொருள் சட்டத்தில் தடையில்லை.